இரவல் முற்றத்தில் ஒரு பட்டிப்பூ

"ஊருக்குப் போகப்போற சனத்துக்குப் பூங்கண்டு என்னத்துக்கு?"

இந்தக் கேள்வி என் காதில் முதன்முதலாக விழுந்தது 1990 ஆம் ஆண்டு மார்கழியில். கேட்டவர் எனது ஐயா. வலிகாமம் வடக்கில் எட்டுப் பரப்புச் செம்மண் தோட்டத்தில் வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் செய்தவர். அந்த ஆண்டு ஆனியில் நாங்கள் வெளிக்கிட்டபோது வெங்காயம் கிண்டும் பருவத்தில் நின்றது. "இரண்டு கிழமையில் வந்து கிண்டலாம்" என்று சொல்லிக்கொண்டே ஐயா படலையைச் சாத்தினார். ஆறு மாதம் கழித்து, தெரிந்த ஒருவரின் வளவுப் பின்மூலையில் கிடுகுக் கொட்டில் போட்டு இருந்தபோதுதான் அம்மா எங்கிருந்தோ நான்கு பட்டிப்பூக் கண்டுகளைப் பிடுங்கிக்கொண்டு வந்து வாசலில் நட்டார். ஐயாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

அம்மா பதில் சொல்லவில்லை. முகம் கழுவிய தண்ணீரைக் கண்டுகளுக்கு ஊற்றிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அதே கேள்வியைப் பின்னர் பல இடங்களில் கேட்டிருக்கிறேன். 1995 ஐப்பசி 30 இல் வலிகாமத்தை விட்டு நடந்தவர்களிடம் கேட்டேன். 2008, 2009 ஆம் ஆண்டுகளில் வன்னிக்குள் ஊர் ஊராக நகர்ந்து, பின்னர் செட்டிகுளம் முகாம்களில் இருந்தவர்களிடமும் கேட்டேன். வலிகாமம் வடக்கில் 2009 க்குப் பின்னர் காணிகள் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டன. பலர் திரும்பிப் போனார்கள். போக முடியாமல் இன்றும் வாடகை வீட்டிலும் இரவல் காணியிலும் காத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களை மனதில் வைத்தே இதனை எழுதுகிறேன்.

எனது கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கமக்காரக் குடும்பம் ஒன்று காணி இல்லாமல் இருக்கும் காலத்திலும் மண்ணில் கை வைப்பதை நிறுத்திவிடக் கூடாது. வேறு எதற்கும் இடமில்லாவிட்டால் வாசலில் இரண்டடி வெயில் நிலமும் ஒரு பட்டிப்பூச் செடியும் போதும். வீட்டை அழகுபடுத்தச் சொல்லும் யோசனை அல்ல இது. ஏன் என்பதை விளக்குகிறேன்.

நடக்கூடாத மரங்கள்

இரவல் காணியில் இருந்தவர்களுக்கு ஒரு விடயம் நன்றாகத் தெரியும். காணிக்காரர் நல்லவராகவே இருப்பார். கிணற்றில் தண்ணீர் அள்ள விடுவார். நல்லநாள் பெருநாளுக்குப் பலகாரமும் கொடுத்து அனுப்புவார். ஆனால் நீங்கள் ஒரு தென்னம்பிள்ளையை நட்டால் அவர் முகம் மாறிவிடும்.

அதற்குக் காரணம் இருக்கிறது. ஒருவர் இன்னொருவரின் காணியைப் பத்து ஆண்டுகள் எதிர்ப்பின்றித் தனதாக ஆண்டுவந்தால் உரிமை கோரலாம் என்ற சட்டம் எமது நாட்டில் நெடுங்காலமாக உண்டு. உரிமையாளரின் அனுமதியோடு இருப்பவருக்கு அது பொதுவாகப் பொருந்தாது என்று சட்டம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். என்றாலும் பயம் போவதில்லை. ஏனென்றால் எமது ஊர்களில் மரம்தான் சாட்சி. எல்லைத் தகராறு வரும்போது "இந்தத் தென்னையை வைத்தது ஆர்?" என்றுதான் முதலில் கேட்பார்கள். ஆகவே, நீண்டகாலம் நிற்கும் எதையும் நடவேண்டாம் என்று காணிக்காரர் சொல்வதில் வியப்பில்லை.

எங்களுக்கும் அப்படித்தான் நடந்தது. பட்டிப்பூவுக்கு முன்னர் அம்மா ஒரு வாழைக்குட்டியை நட்டிருந்தார். இரண்டாம் நாளே காணிக்காரர் வந்து மரியாதையாகவே கேட்டார்: "தங்கச்சி, நீங்கள் இஞ்சை நிரந்தரமா இருக்கிற யோசனையோ?" அன்று பின்னேரமே ஐயா அந்த வாழைக்குட்டியைக் கிண்டிப் பக்கத்து ஒழுங்கைக்காரருக்குக் கொடுத்துவிட்டார்.

உதவி செய்ய வருகிறவர்கள்கூட இதனை யோசிப்பதில்லை. பல ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு நிறுவனம் நாங்கள் இருந்த இடத்தில் குடும்பத்துக்கு இரண்டு தென்னம்பிள்ளைகள் வீதம் கொடுத்தது. வரிசையில் நின்று வாங்கினோம், படமும் எடுத்தார்கள். நடுவதற்குக் காணி யாரிடம் இருந்தது? பெரும்பாலான பிள்ளைகள் கொட்டில் சுவரோடு சாய்த்து வைத்தபடியே காய்ந்து போயின.

இந்த இடத்தில்தான் ஒரு சிறிய செடியின் பெறுமதி விளங்கும். முழங்கால் உயரத்துக்கு வளர்ந்து, இரண்டு மூன்று ஆண்டில் தன் காலத்தை முடித்துக்கொள்ளும் பட்டிப்பூவைப் பார்த்து எந்தக் காணிக்காரரும் பயப்படுவதில்லை. யாருடைய உரிமையையும் அது தொடுவதில்லை. சொந்தக் காணி இல்லாதவர் யாரையும் கேட்காமல் நடக்கூடிய செடி அது.

ஏன் பட்டிப்பூ?

நித்தியகல்யாணி என்று சொல்வதும் இதனைத்தான். ஐந்து இதழ் கொண்ட பூ. ஊதா கலந்த இளஞ்சிவப்பு, வெள்ளை, நடுவில் சிவப்புப் பொட்டு வைத்த வெள்ளை ஆகிய நிறங்களில் எமது ஊர்களில் பரவலாக உண்டு. தமிழ்நாட்டில் சுடுகாட்டு மல்லி என்றும் சொல்வார்கள். சிங்களத்தில் மினிமல் என்பார்கள், பிணப்பூ என்று பொருள். சவக்காலைகளில் ஒருவரும் தண்ணீர் ஊற்றாமலே நின்று பூப்பதால் இப்படிப் பெயர் வந்திருக்கலாம். சில மூத்தவர்கள் இதனை வீட்டுவாசலில் வைக்கத் தயங்குவதும் இதனால்தான். நான் அதனை வேறு விதமாகப் பார்க்கிறேன். ஒருவரும் கவனிக்காத இடத்தில் நின்று பூக்கும் செடி, கொஞ்சம் கவனித்தால் எப்படிப் பூக்கும் என்று யோசியுங்கள்.

இது எமது மண்ணின் செடியும் அல்ல. இதன் சொந்த இடம் ஆபிரிக்காவுக்குக் கிழக்கே இருக்கும் மடகஸ்கார் தீவு. அங்கிருந்து தோட்டக்காரர் கைகளில் உலகின் வெப்ப நாடுகள் எங்கும் பரவி, போன இடத்தில் கிடைத்த மண்ணில் வேர்விட்டது. இன்று இதனை ஊர்ச்செடி என்றே எல்லோரும் நினைக்கிறார்கள்.

மூன்று காரணங்களுக்காக இதனைச் சிபாரிசு செய்கிறேன். முதலாவது, ஒரு சதமும் செலவில்லை. கோயில் வீதியிலோ பாடசாலை வேலியோரத்திலோ கேட்டு நான்கு காய் பறித்தால் போதும். இரண்டாவது, பயிர் செய்ய உதவாத நிலத்தில் இது வளரும். கீரைக்கும் மிளகாய்க்கும் வேண்டிய இடத்தை எடுத்து இதற்குக் கொடுக்கும்படி நான் சொல்லவில்லை. அரை அடி நல்ல மண் இருந்தால் அங்கே கீரை போடுங்கள். சல்லியும் மணலும் கிடக்கும் வாசல் ஓரம் இதற்குக் காணும். மூன்றாவது காரணமே முக்கியமானது. விதை போட்டு, முளைக்க வைத்து, நடுகை செய்து, கிள்ளி, பூக்கவிட்டு, காய் முற்றி மறுபடி விதை எடுப்பது வரையுள்ள கமத்தொழில் பாடம் முழுவதையும் நான்கைந்து மாதத்தில் ஒரு பிள்ளை பார்த்து முடிக்கலாம்.

வெயிலும் மண்ணும் தண்ணீரும்

வெயில் இல்லாமல் இந்தச் செடி சரிவராது. நாளொன்றுக்கு ஆறு மணித்தியாலமாவது நேர்வெயில் படவேண்டும். வேப்பமர நிழலில் வைத்தால் தண்டு நீண்டு மெலிந்து வளரும், பூவும் குறையும். முகாம் வாசலிலும் தகரக் கொட்டில் முன்னாலும் எமக்குக் குறைவில்லாமல் கிடைத்தது வெயில் ஒன்றுதான். அதனை இந்தச் செடிக்குக் கொடுப்போம்.

மண்ணைப்பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். செம்மண், கடற்கரை மணல், சல்லி மண் எல்லாம் சரி. தீவகத்திலும் கரையோரத்திலும் உள்ளது போன்ற ஓரளவு உவர்த்தண்ணீரையும் தாங்கும். தாங்காதது ஒன்றே ஒன்று, தண்ணீர் தேங்குவது. வன்னியின் வயற்பகுதிகளில் களிமண்ணில் இருப்பவர்கள் அரை அடி உயரத்துக்கு மண் அணைத்து, மணலும் கலந்து, மேட்டுப்பாத்தி கட்டி நடவேண்டும். கூரைத் தண்ணீர் விழும் வரிசையில் ஒருபோதும் நடவேண்டாம். அம்மா முதலில் வைத்த நான்கு கண்டுகளில் இரண்டு அந்த மாரியில் அழுகியது இந்தப் பிழையால்தான். தாழ்வாரத்திலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்த மற்ற இரண்டும் பிழைத்தன.

தண்ணீரை இலையில் தெளிக்காமல் அடியில் ஊற்றுங்கள். கண்டு வேர்பிடிக்கும் வரை நாள்தோறும் சிறிதளவு ஊற்றினால் போதும். அதன்பிறகு கோடையில் இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை காணும். அரிசி கழுவிய தண்ணீரும் மரக்கறி கழுவிய தண்ணீரும் நல்லவை. உடுப்புத் தோய்த்த சவர்க்காரத் தண்ணீரை நாளாந்தம் ஊற்ற வேண்டாம். பவுசரில் தண்ணீர் வந்த நாட்களிலும் அம்மா இந்தச் செடிக்கென்று ஒரு பேணி நல்ல தண்ணீர்கூட எடுத்ததில்லை. மத்தியான வெயிலில் இலை வாடியதுபோல் தெரிந்தால் பதற வேண்டாம், பின்னேரம் நிமிர்ந்துவிடும்.

பசளை அதிகம் வேண்டாம். நடும்போது குழிக்கு ஒரு சிரட்டை மக்கிய மாட்டெரு போதும். கூடப் போட்டால் இலைதான் பெருகும், பூ குறைந்துவிடும்.

விதையிலிருந்து விதை வரை

பூ உதிர்ந்த இடத்தில் மெல்லிய காய்கள் சோடியாக நிற்கும். பச்சை நிறம் மாறி மஞ்சளாகும்போது பறிக்க வேண்டும். முற்றாகக் காயவிட்டால் வெடித்து விதை சிதறிவிடும். பறித்த காய்களைக் கடதாசிக்குள் போட்டு நிழலில் உலர்த்தினால் கறுப்பான சிறு விதைகள் தாமாகவே கழன்று விழும்.

எமது பகுதிக்கு விதைக்க ஏற்ற காலம் தை மாதம். மாரி மழைக்குள் போட்டால் நாற்று அழுகும். பழைய வாளி, பால்மாப் பேணி, உடைந்த பானை எதிலும் போடலாம். அடியில் துளை இருக்க வேண்டும். விதையைக் கால் அங்குலத்துக்கு மண்ணால் மூடுங்கள். வெளிச்சம் பட்டால் இந்த விதை சரியாக முளைக்காது. ஒன்று முதல் இரண்டு கிழமைக்குள் முளை வரும். முளை கண்டவுடன் வெயிலுக்கு எடுத்துவிடுங்கள். மூன்று நான்கு சோடி இலை விட்டதும் ஓர் அடி இடைவெளியில் பின்னேர வேளையில் நடுங்கள். தையில் போட்ட விதை சித்திரையளவில் பூக்கத் தொடங்கும்.

ஒரு சாண் உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளிவிட வேண்டும். அப்போது பக்கக் கிளைகள் விட்டு, குள்ளமாகவும் அடர்த்தியாகவும் வரும். கிள்ளாத செடி இடுப்பளவுக்குக்கூட நீண்டு, காற்றில் சாய்ந்துவிடும். நாற்றுமேடைகளில் இன்று குட்டை இனங்கள் விற்கிறார்கள். ஓர் அடிக்கு மேல் வளராது, பூவும் பெரிது. ஆனால் ஒட்டினம் என்றால் அதன் விதையில் தாய்ச்செடி போலவே வரும் என்று எதிர்பார்க்க முடியாது. மழைக்கும் கெதியாக அழுகிவிடும். கையில் காசு இல்லாதவர்கள் ஊர்ச்செடியை வைத்துக் கிள்ளிக் குள்ளமாக்குவதே மேல்.

ஆண்டுக்கு ஒருமுறை, மாரி தொடங்க முன்னர், செடியைப் பாதியாக வெட்டிவிடுங்கள். இரண்டு ஆண்டு போனால் அடித்தண்டு தடித்துப் பூ குறையும். அப்போது புது நாற்று வையுங்கள்.

நோய் இரண்டைக் கவனிக்க வேண்டும். ஈர நிலத்தில் அடித்தண்டு கறுத்துச் செடி திடீரென வாடினால் அது அழுகல் நோய். பிடுங்கி எறிந்துவிட்டு, அதே குழியில் உடனே வேறு கண்டு வைக்காதீர்கள். இலைகள் மிகவும் சிறுத்துக் குடம்பியாகி, பூக்களும் பச்சையாகப் பூத்தால் அது சிற்றிலை நோய். தத்துப்பூச்சிகள் பரப்பும் நோய் இது. அதற்கு மருந்து கிடையாது. கத்தரிக்கும் இதுபோன்ற நோய் வருவதையும், பூச்சி ஒன்றிலிருந்து மற்றதற்குக் கொண்டுபோகக் கூடியது என்பதையும் கமக்காரர் நினைவில் வைக்க வேண்டும். கத்தரிப் பாத்திக்குப் பக்கத்தில் பட்டிப்பூ வைக்க வேண்டாம். நோய் கண்ட செடியை அன்றே பிடுங்கி எரித்துவிடுங்கள்.

இலையைக் குடிக்க வேண்டாம்

இந்தச் செடியைப்பற்றிப் பேசும்போது "அது சலரோகத்துக்கு நல்லது", "புற்றுநோய்க்கு மருந்து" என்று யாராவது சொல்வார்கள். இதில் உண்மையும் உண்டு, ஆபத்தும் உண்டு. இரண்டையும் அறிந்திருப்பது நல்லது.

ஜமெய்க்காவில் சலரோகத்துக்கு இதன் இலையை அவித்துக் குடிக்கும் வழக்கம் இருந்தது. 1950 களில் கனடாவின் மேற்கு ஒன்ராறியோப் பல்கலைக்கழகத்தில் றொபேட் நோபிள், சாள்ஸ் பியர் முதலிய ஆய்வாளர்கள் அந்த இலையைப் பரிசோதித்தார்கள். சீனி குறைவதை அவர்கள் காணவில்லை. ஆனால் எலிகளுக்கு இலைச்சாற்றை ஊசி மூலம் ஏற்றியபோது இரத்தத்தின் வெண்கலங்கள் குறைந்தன. அந்தத் தடத்தில் போய்த்தான் வின்பிளாஸ்ரின் என்ற புற்றுநோய் மருந்தைப் பிரித்தெடுத்தார்கள். அதன்பிறகு வின்கிறிஸ்ரின் கிடைத்தது. சிறுபிள்ளைகளுக்கு வரும் ஒருவகை இரத்தப் புற்றுநோயில் முன்னர் பெரும்பாலான பிள்ளைகள் இறந்துபோனார்கள். இன்று நல்ல சிகிச்சை கிடைக்கும் நாடுகளில் பத்தில் எட்டு ஒன்பது பிள்ளைகள் பிழைக்கிறார்கள். அந்தச் சிகிச்சையில் சேரும் பல மருந்துகளுள் வின்கிறிஸ்ரினும் ஒன்று.

ஆனால் வெண்கலங்களைக் குறைக்கும் பொருள் நல்ல உடம்பின் வெண்கலங்களையும் குறைக்கும். நரம்புகளையும் தாக்கும். வைத்தியசாலையில் அதனை மில்லிகிராம் கணக்கில் அளந்து, இரத்தம் பரிசோதித்துப் பார்த்தே ஏற்றுகிறார்கள். வீட்டில் அவிக்கும் இலையில் எவ்வளவு இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? ஆகவே இலையையோ பூவையோ வேரையோ அவித்துக் குடிக்க வேண்டாம். கர்ப்பிணித் தாய்மார் தொடவே வேண்டாம். கீரைப் பாத்திக்குள் இதனைக் கலந்து நடவும் வேண்டாம், பிள்ளைகள் கீரை பிடுங்கும்போது மாறிப் பிடுங்கக்கூடும். ஆடுமாடுகள் கசப்பினால் பொதுவாக ஒதுக்கிவிடும். என்றாலும் வெட்டிய கிளைகளைத் தொழுவத்துக்குள் போடாதீர்கள், விலங்குகளுக்கும் இது நஞ்சு.

சலரோகத்துக்குச் சிகிச்சை நிலையம் இருக்கிறது. புற்றுநோய்க்கு வடபகுதி மக்கள் முன்னர் மகரகம வரை போக வேண்டியிருந்தது. 2011 இல் தேவேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்து சேர்த்த நிதியைக் கொண்டு தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை எழுப்பப்பட்டது. கட்டி ஒன்று தென்பட்டால் இலையை அவித்துக்கொண்டு மாதக்கணக்கில் காத்திராமல் அங்கே போங்கள்.

இன்னொன்று. "மருந்துக் கம்பனிக்கு வாங்குகிறோம், நிறைய நடுங்கள்" என்று யாராவது வந்தால் முற்பணம் எதுவும் கொடுக்க வேண்டாம். ஒரு கிராம் மருந்து எடுக்கவே நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலை வேண்டும். தமிழ்நாட்டின் தென்மாவட்டங்களில் ஏக்கர் கணக்கில் மானாவாரியாகச் செய்து இலையும் வேரும் விற்கிறார்கள். வாசலில் நிற்கும் பத்துச் செடிக்கு அங்கே விலை கிடையாது. இந்தச் செடியால் எமக்குக் கிடைப்பது காசு அல்ல.

அப்படியானால் என்ன கிடைக்கிறது?

ஐயாவின் கேள்விக்குத் திரும்ப வருகிறேன். நடுவது என்றால் அந்த இடத்தை ஏற்றுக்கொள்வது என்று அவர் நினைத்தார். ஒரு பூங்கண்டு வைத்தால்கூட ஊரை மறந்ததாக அர்த்தம் என்று அவருக்குப் பட்டது. அது சிறுமையான எண்ணம் அல்ல. அவருடைய உறுதியும் வைராக்கியமும் அது. பல கமக்காரர் இவ்வாறுதான் மண்வெட்டியைத் தொடாமல் ஆண்டுக்கணக்கில் இருந்தார்கள்.

ஆனால் அதனால் நடந்தது என்ன? தகப்பன் மண்வெட்டியைத் தொடவில்லை, பிள்ளை மண்வெட்டி பிடிக்கப் பழகவில்லை. இடம்பெயர்ந்தபோது பத்து வயதாக இருந்த பிள்ளை, காணி திரும்பக் கிடைக்கும்போது முப்பது, நாற்பது வயதைக் கடந்திருந்தது. விதையை எவ்வளவு ஆழத்தில் போடுவது, நாற்றை எந்த நேரத்தில் பிடுங்குவது, எப்போது தண்ணீரை நிறுத்துவது என்று அதற்குத் தெரியவில்லை. காணி விடுவிக்கப்பட்டும் தோட்டம் செய்யாமல் பற்றையாகக் கிடக்கும் நிலங்களை நாம் காண்கிறோம். தூர்ந்த கிணறும் கடன் சுமையும் அதற்குப் பெரிய காரணங்கள் என்பதை மறுப்பதற்கில்லை. தொழில் கை மாறாமல் போனதும் ஒரு காரணம் என்றே நான் நினைக்கிறேன்.

எனக்கு அந்தக் குறை ஓரளவு நேரவில்லை என்றால் அதற்கு அம்மாவின் பட்டிப்பூவே காரணம். இரண்டாவது மாதத்தில் அந்தச் செடி தண்டு நீண்டு சாய்ந்தபோது ஐயாவால் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை. "இப்பிடியே ஒரு கண்டை வளர்க்கிறது?" என்று முணுமுணுத்தபடி வந்து குந்தினார். என்னைக் கூப்பிட்டார். புகையிலைக்கு நுனி முறிக்கிற மாதிரி எந்தக் கணுவுக்கு மேலே கிள்ள வேண்டும் என்று காட்டினார். அடுத்த நாள் அடிமண்ணைக் கொத்திச் சிறிய பாத்தி கட்டி, தண்ணீர் வடிய வாய்க்கால் எடுக்கக் காட்டினார். எட்டுப் பரப்பில் எனக்குச் சொல்லித் தந்திருக்க வேண்டியவற்றை இரண்டடி நிலத்தில் சொல்லித் தந்தார். ஊருக்குப் போகும் பேச்சையும் அவர் விடவில்லை. இரண்டும் ஒன்றாகவே நடந்தன.

1995 இல் அந்த இடத்தையும் விட்டு நடந்தபோது, காணி உறுதி வைத்திருந்த பொலித்தீன் உறைக்குள் அம்மா ஒரு மடித்த கடதாசியையும் வைத்தார். பட்டிப்பூ விதை. தென்மராட்சியிலும் பிறகு கிளிநொச்சியிலும் அது முளைத்தது. செடியை விட்டுவிட்டு விதையோடு போகலாம் என்பதை அந்தக் கடதாசி எங்களுக்குக் காட்டியது.

செய்யக்கூடியவை

இதனை வாசிக்கும் குடும்பங்கள், பூஞ்செடியை காணிக்குப் பதிலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உறுதி, நில அளவைப் படம், பழைய குடும்ப அட்டை, வரிப் பற்றுச்சீட்டு எதுவும் தொலையாமல் வைத்திருங்கள். பிரதிகள் எடுத்து இரண்டு இடத்தில் வையுங்கள். பதிவு, விண்ணப்பம், கூட்டம் எதையும் தவறவிட வேண்டாம். முற்றத்தில் பூ நிற்கிறது, ஆகவே இவர்கள் நன்றாக இருக்கிறார்கள் என்று யாராவது எழுதிக்கொண்டு போனால், இது இரவல் முற்றம் என்பதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.

காணி கொடுத்து வைத்திருக்கும் உரிமையாளருக்கும் ஒரு வேண்டுகோள். குறுங்காலப் பயிர் செய்வதால் காணியில் உரிமை கோரமாட்டோம் என்று ஒரு தாளில் எழுதி, இரு பகுதியும் கையெழுத்திட்டு, கிராம அலுவலருக்குத் தெரியப்படுத்தி வைத்தால் பயம் தீரும். அப்போது பூவோடு மட்டும் நிற்காமல் மிளகாயும் கத்தரியும் கீரையும் அங்கே வளரலாம்.

உதவி நிறுவனங்களும் தென்னம்பிள்ளை கொடுக்க முன்னர், நடுவதற்கு இடம் உண்டா என்று ஒரு வார்த்தை கேட்கட்டும்.

பெற்றோருக்குச் சொல்வது இது. வருகிற தையில் ஒரு பேணியில் பத்து விதை போடுங்கள். உங்கள் கையால் போட வேண்டாம், பிள்ளையின் கையால் போடச் செய்யுங்கள். எவ்வளவு ஆழம் என்று விரலால் அளந்து காட்டுங்கள். நுனி கிள்ளும்போது பக்கத்தில் இருங்கள். அந்த வேளையில் ஊர்த் தோட்டத்தில் எந்தப் பக்கம் கிணறு, எந்த வரம்பில் பூவரசு, எந்தப் பாத்தியில் முதல் வெங்காயம் கிண்டுவீர்கள் என்று சொல்லிக்கொடுங்கள். காய் மஞ்சளானதும் விதையை எடுத்து, கடதாசியில் மடித்து, உறுதியோடு வையுங்கள்.